புழுகிறதெண்டால் கணக்கோடை புழுகு, தம்பி

வாசிகசாலை ஆண்டு விழாவிலை நீ பேசப்போறியாமே. நோட்டீஸ் பாத்தனான். "2020 லங்கா பிரீமியர் லீக் (எல்பிஎல்): யாழ்ப்பாணத்தின் வெற்றி, ஒரு புள்ளிவிபரப் பார்வை." உன்ரை பேருக்கு முன்னாலை "ஆய்வாளர்" எண்டு வேறை போட்டிருக்கு. வடிவாத்தான் இருக்கு. பெடியன் என்ன செய்யிறான் எண்டு கேக்கிற ஆக்களுக்குக் கொம்மா இனிமேல் முழிக்கத் தேவையில்லை.

உந்தக் கதிரையை இழுத்துப்போட்டு இரு. மாமி தேத்தண்ணி போடுறா. நான் பெரிசாப் படிச்ச ஆளில்லைத் தம்பி, மிளகாய்க் கண்டுக்குத் தண்ணி மாறின ஆள். ஆனால் எங்கட ஊர்க் கழகத்துக்குக் கனகாலம் ஸ்கோர் எழுதினதும் நான்தான். பெடியள் வெயிலுக்கை நிண்டு அடிபட, நான் வேப்பமர நிழலிலை பென்சிலோடை இருந்து ஆரை வீரனாக்கிறது, ஆரைச் சைபராக்கிறது எண்டு பாத்துக்கொண்டிருப்பன். அந்த உரிமையிலைதான் சொல்லுறன். நீ கொண்டுவந்த கடுதாசியிலை உள்ள கணக்கெல்லாம் சரி. சரியான கணக்கோடை மேடையேறினால் சனம் கைதட்டாது. புழுகத் தெரியவேணும். அதுவும் ஒருத்தரும் எழும்பிக் கேள்வி கேக்கேலாத மாதிரி.

முதல் வேலை, உந்தப் புள்ளி அட்டவணையைக் கிழிச்சு அடுப்புக்கை போடு. அதைக் காட்டினாயெண்டால் உன்ரை பேச்சு அதோடை சரி. கொழும்பு கிங்ஸ் எட்டு மட்சிலை ஆறு வெண்டு 12 புள்ளி. தம்புள்ள வைக்கிங் ஐஞ்சு வெண்டு 11. அதுக்குப் பேந்துதான் எங்கட யாழ்ப்பாணம் ஸ்டாலியன்ஸ்: நாலு வெற்றி, மூண்டு தோல்வி, ஒண்டு மழை, 9 புள்ளி. மூண்டாமிடம். காலியும் கண்டியும் ஆளுக்கு ரண்டு வெற்றி, நாலு புள்ளி. ஐஞ்சு ரீமிலை நாலு அரையிறுதிக்குப் போகுமெண்டு விதி வைச்சிருந்தவை. அதாவது போட்டி நடத்தினவை ரண்டு கிழமைக்கு மேலை முறிஞ்சு, இருவது மட்ச் வைச்சுக் கண்டுபிடிச்சது ஆரை வீட்டுக்கு அனுப்பிறது எண்ட ஒண்டைத்தான். கண்டி டஸ்கர்ஸ். அதுகும் புள்ளியிலை இல்லை, நெற் ரன் ரேற்றிலை.

உந்த நெற் ரன் ரேற்றைப் பற்றி மேடையிலை மூச்சு விடாதை. விளங்கப்படுத்த வெளிக்கிட்டால் முன்வரிசையிலை இருக்கிற கிழடுகள் எல்லாம் நித்திரை கொண்டிடுங்கள். எங்களுக்குள்ளை சொல்லுறன் கேள். ஒரு ஓவருக்குச் சராசரி எத்தினை ஓட்டம் எடுத்தம், எத்தினை குடுத்தம், ரண்டுக்கும் இடையிலை உள்ள வித்தியாசம். அதிலை ஒரு சூட்சுமம் இருக்கு. நீ பதினைஞ்சு ஓவரிலை எல்லாரும் அவுட்டாகினாலும் இருவது ஓவரும் விளையாடினதாத்தான் வகுப்பினம். ஆட்டமிழந்தவனுக்குத் தண்டம். மழை குழப்பி முடிவில்லாமல் போன மட்ச் கணக்கிலையே வராது. அப்பிடி முடிவில்லாமல் போனது அந்தச் சீசனிலை ஒண்டே ஒண்டு, எங்களுக்கும் தம்புள்ளைக்கும் இருந்த மட்ச். ஆளுக்கொரு புள்ளி. எங்கட ஒன்பதிலை ஒண்டு வானம் தந்தது. அதை வருணபகவானின்ரை கணக்கிலை எழுதிப்போட்டு விடு.

சரி, மூண்டாமிடத்திலை நிண்டவன் எப்பிடிச் சம்பியன் ஆனான் எண்டு ஆரும் கேட்டால்? கேப்பினம். அந்த ஓய்வுபெற்ற கணக்கு மாஸ்ரர் கட்டாயம் கேப்பார், அவருக்கு வேறை சோலி இல்லை. அப்ப நீ சுண்டிவிட்ட காசை எடு. அஞ்சு ரீமும் ஒரே பலம், ஒவ்வொரு மட்சும் காசு சுண்டின மாதிரி எண்டு வைச்சுக்கொள். எட்டுத்தரம் சுண்டினால் வரக்கூடிய வரிசை 256. அதிலை ஆறோ அதுக்கு மேலையோ பூ விழுகிறது 37 வரிசையிலை. கிட்டத்தட்ட ஏழுக்கு ஒண்டு. அப்ப அஞ்சு பேர் சுண்டினால் ஒருத்தனுக்கு ஆறு விழுந்ததிலை என்ன புதினம்? ஆறு வெண்ட கொழும்பைப் பெரிய சூரன் எண்டு சொல்லவும் ஏலாது, ரண்டு வெண்ட காலியை வங்குரோத்து எண்டு சொல்லவும் ஏலாது. 304 எண்ட சீட்டாட்டம் விளையாடேக்கை ஆளுக்கு எட்டுச் சீட்டுத்தானே வாறது. அந்த ஒரு கையை வைச்சு, உவன் நல்ல விளையாட்டுக்காரன், உவன் பேயன் எண்டு தீர்ப்புச் சொல்லுறனியே? அண்டைக்கு ஆருக்குச் சீட்டு வந்தது எண்டுமட்டும்தான் சொல்லலாம். கணக்கு மாஸ்ரர் வாய் மூடிடுவார். ஆனால் ஒரு கரைச்சல் இருக்கு. அதே கணக்கு எங்களுக்கும் பொருந்தும். நாலு வெண்டு கிண்ணம் தூக்கினவனுக்கும் அண்டைக்குச் சீட்டு வந்தது எண்டுதான் வரும். அந்த இடத்திலை கெதியா அடுத்த பக்கத்தைப் பிரட்டு.

உனக்கு உதவிக்கு அமெரிக்காக்காரரையும் கூப்பிடலாம். என்ரை பெறாமகன் ஒருத்தன் ஸ்காபரோவிலை இருக்கிறான். அங்கை பேஸ்போல் எண்டு ஒண்டு விளையாடுறவை. கிறிக்கெற்றைக் கோணலாப் பிடிச்ச மாதிரித்தான், ஆனால் ஒரு சீசனுக்கு ஒரு ரீம் 162 மட்ச். எங்கடையவை இருவது வரியம் எல்பிஎல் முதற்சுற்று விளையாடினாலும் உந்தத் தொகை வராது. 2001ஆம் ஆண்டு சியாற்றில் மரினேர்ஸ் எண்ட ரீம் 162இலை 116 வெண்டது. ஆனா கடைசிச் சுற்றுக்கே போகேல்லை, வழியிலை நியூயோர்க் யாங்கீஸ் மறிச்சுப்போட்டுது. 116 வெண்டவனுக்கே அந்த நிலை எண்டால், ஆறு வெண்ட கொழும்பு அரையிறுதியிலை காலியிட்டை ரண்டு விக்கெற்றாலை தோத்ததுக்கு ஆரும் அழவேண்டிய தேவையில்லை. எட்டிலை ரண்டு வெண்ட காலி அப்பிடியே இறுதியாட்டத்துக்கு வந்து நிண்டுது. எங்களுக்கு அதுவும் நல்லதாப் போச்சுது.

இனி எதைக் காட்டவேணும் எண்டு கேள். ஸ்ரைக் ரேற்றைக் காட்டு. சனத்துக்குப் பெரிய இலக்கம் பிடிக்கும். தம்புள்ளைக்கு எதிராத் திசர பெரேரா 44 பந்திலை 97, ஆட்டமிழக்கேல்லை. ஸ்ரைக் ரேற் 220. நாங்கள் 218 அடிச்சு, 66 ஓட்டத்தாலை வெண்டம். உதைச் சொல்லேக்கை குரலை ஏத்து. பேந்து டிசம்பர் 16, இறுதியாட்டம். அதே திசர 14 பந்திலை 39. ஸ்ரைக் ரேற் 278! மண்டபம் அதிரும். 188 நாங்கள், 135 காலி, 53 ஓட்ட வித்தியாசம். இதுவரைக்கும் நீ சொன்னதிலை ஒரு சொல்லுப் பொய்யில்லை.

அதுக்குப் பக்கத்திலை சொஹைப் மலிக்கின்ரை கணக்கை வைச்சிடாதை. அந்த மனிசன் அண்டைக்கு 35 பந்திலை 46. ஸ்ரைக் ரேற் 131. திசரவின்ரை இலக்கத்திலை பாதியும் வராது. ஆனால் ஆட்டநாயகன் பரிசு மலிக்குக்குத்தான் போனது. துடுப்பை மட்டும் பாத்துக் குடுத்த பரிசெண்டு நான் சொல்லேல்லை. ஆனாலும் யோசிச்சுப்பார், முப்பத்தைஞ்சு பந்து ஒருத்தன் ஒரு முனையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டபடியால்தானே மற்றவன் கடைசியிலை வந்து கண்ணை மூடிச் சுத்தலாம். ஸ்ரைக் ரேற்றுக்கு அது தெரியாது. அது ஓட்டத்தைப் பந்தாலை வகுக்கிற ஒரு பிரித்தல் கணக்கு, பாவம். காலிக்காக முதல் மட்சிலை ஷகித் அப்ரிடி 23 பந்திலை 58 அடிச்சவர், 252. அண்டைக்கு வெண்டது நாங்கள், எட்டு விக்கெற்றாலை. கொழும்பின்ரை அன்ட்ரே ரசல், மழையாலை ஐஞ்சு ஓவராக் குறுக்கின மட்சிலை 19 பந்திலை 65. உந்த இலக்கத்தையெல்லாம் ஒரே பத்தியிலை போட்டு வரிசைப்படுத்தினால் ரசல் தான் முதல், 342. ஐஞ்சு ஓவர் மட்சும் இருவது ஓவர் மட்சும் ஒண்டோ எண்டு அட்டவணை கேக்காது.

சராசரியிலை இன்னும் பம்பல் இருக்கு. அந்த முதல் மட்ச், நவம்பர் 27, அவிஷ்க பெர்னாண்டோ 63 பந்திலை 92, ஆட்டமிழக்கேல்லை. அண்டைக்கு இராத்திரி ஒருத்தன் அவற்றை சராசரி என்னெண்டு கேட்டிருந்தால்? ஓட்டத்தை ஆட்டமிழந்த தடவையாலை வகுக்கவேணும். ஆட்டமிழந்தது சைபர். சைபராலை வகுக்கேலாது. அப்ப அந்தச் சீசனிலை எங்களுக்கு முதல் முதல் அடிச்சுத்தந்த பெடியனுக்கு அண்டைக்குச் சராசரியே இல்லை! இதைச் சொன்னால் சின்னப்பெடியள் சிரிப்பாங்கள், கணக்கு மாஸ்ரரும் சிரிப்பார். மற்றவை அவையைப் பாத்துச் சிரிப்பினம்.

ஆகக்கூட ஓட்டம் அடிச்சது ஆர் எண்டு கேட்டால் மட்டும் மெல்லமா இருமிக்கொண்டு தண்ணி குடி. தனுஷ்க குணதிலக, 476 ஓட்டம். காலி ரீம்காரன். அந்தக் காலி மொத்தம் பத்து மட்ச் விளையாடி வெண்டது மூண்டு. சதம் அடிச்சது ஆர் எண்டு கேட்டால் இன்னொருக்கால் இருமு. கொழும்பின்ரை லௌரி எவான்ஸ், அதுகும் எங்களுக்கு எதிரா. ஒரு ரீமிலை ஒருத்தன் மட்டும் மலை மாதிரி அடிச்சால் அந்த ரீம் வெல்லும் எண்டில்லைத் தம்பி. கல்யாண வீட்டிலை ஒருத்தன் மட்டும் வேலை செய்தால் சமையல் நேரத்துக்கு முடியாது, அவன்ரை பேர்மட்டும் ஊரெல்லாம் அடிபடும், உனக்குத் தெரியாததே.

பந்துவீச்சுக்கு வந்தால் உனக்கு ஒரு தங்கக்கட்டி இருக்கு. வனிந்து ஹசரங்க, 17 விக்கெற், ஆகக்கூட எடுத்தவர், தொடர் நாயகனும் அவர்தான். எங்கட ரீம். ஆனால் பொறு, புழுகு உச்சத்துக்குப் போகேக்கை ஆரும் அவர் எந்த ஊர் எண்டு கேட்டுப்போடுவினம். காலி. காலி ரிச்மண்ட் கல்லூரிப் பெடியன். காலிக்காரனை வைச்சே காலியை அடிச்சம் எண்டு சொல்லு, நல்லா இருக்கும். அரையிறுதியிலை 76 அடிச்ச ஜோன்சன் சார்ள்ஸ் மேற்கிந்தியாவிலை செயின்ற் லூசியாத் தீவான். மலிக் சியால்கோட்டான். திசரவும் அவிஷ்கவும் தெற்குப் பக்கத்துப் பெடியள். இவை எல்லாரும் முதுகிலை யாழ்ப்பாணம் எண்ட பேரோடை ஓடினவை. அதை நினைக்க எனக்குக் கோவமில்லை, உள்ளதைச் சொன்னால் சந்தோசம்தான். இந்த நாடு கிடந்த கிடைக்கு, ஒரு சிங்களப் பெடியன் யாழ்ப்பாணத்தின்ரை கிண்ணத்தைத் தூக்கி, அதுக்கு எங்கட சந்தியிலை வெடி கொளுத்தின இரவு ஒண்டு வந்ததெண்டால் அதுவும் ஒரு கணக்குத்தான். உன்ரை கடுதாசியிலை அதுக்குப் பத்தி இல்லை. மேடையிலை இதைச் சொல்லேக்கை நக்கலடிக்காதை, நேராச் சொல்லு.

இனி ஒரு கேள்வி கேக்கிறன், நீ மறுமொழி சொல்லு. அந்தச் சீசனிலை யாழ்ப்பாணம் யாழ்ப்பாணத்திலை விளையாடின மட்ச் எத்தினை?

என்ன முழிக்கிறாய்? உன்ரை கடுதாசியிலை ஓட்டத்துக்கு, விக்கெற்றுக்கு, நாலுக்கு, ஆறுக்கு, எல்லாத்துக்கும் பத்தி போட்டிருக்கிறாய். இதுக்கு மட்டும் இல்லை. சைபர். 23 மட்சும் அம்பாந்தோட்டை, சூரியவெவ மைதானம். நாட்டின்ரை ஒரு அந்தத்திலை நாங்கள், மற்ற அந்தத்திலை கிண்ணம். கொரோனாக் காலம், வெறும் கதிரைக்கு முன்னாலை விளையாடினவை. எங்கட ஆக்கள் ரீவியிலைதான் பாத்தது. அதாலை கொழும்புக்கோ கண்டிக்கோ ஒரு அநியாயமும் இல்லை, எல்லாருக்கும் அந்த ஒரு மைதானம்தான்.

பெறாமகன் அந்த நேரம் போனிலை அழுதவன். அவன்ரை ரொரன்ரோ புளூ ஜேஸும் 2020இலை ரொரன்ரோவிலை ஒரு சீசன் மட்சும் விளையாடேல்லை. கனடா அரசாங்கம் எல்லையைத் திறக்கேல்லை எண்டு, அமெரிக்காவிலை பஃபலோ எண்ட ஊரிலை போய் "சொந்த மைதானம்" எண்டு விளையாடினவை. 162 மட்ச் 60 ஆகக் குறைஞ்ச சீசன். 32 வெண்டு 28 தோத்து, அடுத்த சுற்றிலை ரம்பா பேயிட்டை ரண்டு மட்சோடை வீட்டுக்குப் போட்டுது. லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் 60இலை 43 வெண்டு கடைசியிலை கிண்ணமும் எடுத்தது. அறுவது மட்ச் காணாது, இது உண்மையான சம்பியன் இல்லை எண்டு அங்கை ஒரே சண்டையாம். அறுவது காணாதாம்! எங்களுக்கு எட்டுக் காணும், நாங்கள் கிழமைக் கணக்கா வெடி கொளுத்தினம். ஸ்காபரோவிலை இருந்து அவன் ரண்டு ரீமுக்குக் கவலைப்பட்டவன். ரண்டும் வீட்டுக்கு வெளியிலை விளையாடின ரீம். புளூ ஜேஸ் 2021 ஜூலை முடியிற நேரம் ரொரன்ரோவுக்குத் திரும்பீற்றுது. எங்கட ரீம் திரும்பேல்லை, திரும்பிறதுக்கு முதல் ஒருக்கால் வந்திருக்கவேணும்.

அதுக்குள்ளை எங்கட ரீமுக்குப் பேரும் மாறீற்றுது, முதலாளியும் மாறீற்றார். லைக்கா வாங்கி யாழ்ப்பாணம் கிங்ஸ் எண்டாச்சு. 2021இலையும் கிண்ணம், 2022இலையும் கிண்ணம். 2023இலை கண்டி எடுத்துது. 2024இலை பேந்தும் நாங்கள், இறுதியாட்டத்திலை றைலி றூசோ எண்ட தென்னாபிரிக்கக்காரன் சதமடிச்சு ஒன்பது விக்கெற்றாலை வெண்டது. ஐஞ்சு சீசன், நாலு கிண்ணம். இதைச் சுண்டிவிட்ட காசுக் கணக்கிலை போட்டுப்பார். அஞ்சு ரீமிலை ஒண்டு ஐஞ்சுக்கு நாலு எடுக்கிறது லேசிலை நடக்கிற காரியமில்லை. அப்ப 2020ஐ வைச்சுக்கொண்டு நீ புழுகேலாது, ஆனால் நாலையும் சேர்த்து வைச்சுக்கொண்டு கொஞ்சம் நெஞ்சை நிமித்தலாம். கொஞ்சம்தான். ஆரை வாங்கிறது எண்டு தெரிஞ்ச நிர்வாகம் எங்களிட்டை இருந்திருக்கு எண்டுதான் அந்தக் கணக்குச் சொல்லுது. மண்ணின்ரை மகிமை, பனங்கிழங்கின்ரை பலம் எண்டெல்லாம் அளந்தாயெண்டால் நான் முன்வரிசையிலை இருந்து எழும்பிப்போவன்.

மண்டைதீவிலை சர்வதேச மைதானம் கட்ட 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க வந்து அடிக்கல் நாட்டினவர். நல்ல விசயம். அடிக்கல்லிலை ஒரு மட்சும் விளையாடேலாது எண்டதும் உனக்குத் தெரியும். மைதானம் எழும்பி முடிய எண்ணுவம்.

இப்ப உன்ரை கடுதாசியிலை நீ ஒரு வரியிலை கடத்தின பெடியனுக்கு வாறன். விஜயகாந்த் வியாஸ்காந்த். யாழ் மத்திய கல்லூரி. குழாத்திலை பேருக்கு வடக்குப் பெடியள் சிலரைச் சேர்த்தவை, அதிலை ஒருத்தன். 2020 டிசம்பர் 4, கொழும்புக்கு எதிரா இறங்கினவன். அடுத்தநாள் அவனுக்குப் பத்தொன்பதாவது பிறந்தநாள். லெக் ஸ்பின். முதல் விக்கெற் ஆற்றை? அஞ்சலோ மத்யூஸ். இலங்கைக்குக் கப்டனா நிண்ட ஆள். நீ என்ன எழுதியிருக்கிறாய்? "வியாஸ்காந்த் 1 விக்கெற்." ஹசரங்க 17, வியாஸ்காந்த் 1. பிரித்தல் கணக்கிலை அது பதினேழிலை ஒரு பங்கு. மத்திய கல்லூரி மைதானத்து மதிலிலை ஏறி இருந்த சின்னப்பெடியனிட்டை கேட்டுப்பார், எந்தப் பங்கு பெரிசெண்டு.

கதை அதோடை முடியேல்லை. 2024 ஐபிஎல்லிலை ஹைதராபாத் சண்ரைசர்ஸ் ஹசரங்கவை எடுத்து வைச்சிருந்தது. அவருக்குக் காலிலை நோ, போகேல்லை. அவற்றை இடத்துக்கு ஆரைக் கூப்பிட்டவை? அந்த ஒரு விக்கெற்காரனை. மே 8, லக்னௌவுக்கு எதிரா முதல் மட்ச். நாலு ஓவர், 27 ஓட்டம், விக்கெற் இல்லை. அடுத்தநாள் பேப்பரைப் பாத்த எங்கட சனம், "சீ, ஒண்டும் எடுக்கேல்லை" எண்டது. உன்ரை மாதிரி ஆய்வாளர்மார். லக்னௌ இருவது ஓவரிலை 165. ஓவருக்கு எட்டேகால். எங்கட பெடியன் குடுத்தது ஓவருக்கு ஏழும் இல்லை. உலகக் கிண்ணம் தூக்கின கப்டன் கம்மின்ஸ் அதே நாலு ஓவருக்கு 47 குடுத்தவர், ஒரு விக்கெற்றோடை. பேந்து ஹெட்டும் அபிஷேக் சர்மாவும் வந்து அந்த ஓட்டத்தைப் பத்து ஓவருக்குள்ளை அடிச்சு முடிச்சினம், விக்கெற் விழாமல். சனம் அந்த அடியைத்தான் நினைவு வைச்சிருக்கு. விக்கெற் பத்தியிலை உள்ள சைபரைப் பாத்துப்போட்டு நாலு ஓவர் மறியல் வைச்ச கணக்கைப் பாக்காமல் விடுறவனைத்தான் நான் அரைக்கணக்கன் எண்டு சொல்லுறனான்.

ஸ்கோர் புத்தகத்திலை அது தெரியும், கண்டியோ. ஓட்டமில்லாத பந்துக்கு ஒரு குத்து. ஆறு பந்தும் குத்தெண்டால், மூண்டு மூண்டா ரண்டு வரிசையிலை கிடக்கிற குத்துகளைக் கோட்டாலை இணைச்சு "எம்" போடுறது, மெய்டின் ஓவர். அந்த ஓவருக்கை விக்கெற்றும் விழுந்தால் அதையே கவிட்டு "டபிள்யூ" ஆக்கிறது. பென்சிலாலை அந்தக் கோட்டை இழுக்கேக்கை வாற சந்தோசம் உன்ரை கொம்பியூட்டரிலை பத்தி போடேக்கை வராது. பிழையா ஓட்டம் எழுதிப்போட்டு அழிறப்பராலை தேய்ச்சால், அடுத்த கழகத்து ஸ்கோரர் கண்ணைச் சுருக்கிப் பாப்பான். அவன் விடான். ரண்டு புத்தகமும் ஒத்துவந்தால்தான் மட்ச் முடிஞ்சது. பேஸ்போலுக்குக் கணக்கு அட்டவணை போட்ட ஹென்றி சட்விக் எண்ட மனிசனும் இங்கிலாந்திலை பிறந்து, அமெரிக்காவிலை கிறிக்கெற்றைப் பற்றிப் பேப்பருக்கு எழுதின ஆள்தானாம். எங்கட புத்தகத்தைப் பாத்துத்தான் அவையின்ரை கணக்குப் பிறந்தது. அதே நாட்டிலை பில் ஜேம்ஸ் எண்டொருத்தர், பீன்ஸ் ரின்னிலை அடைக்கிற பக்ரறியிலை இராக்காவல். காவலிருக்கிற நேரம் பழைய ஸ்கோர்களைக் கூட்டிக் கழிச்சு 1977இலை தானே ஒரு புத்தகம் போட்டார். பேந்து பெரிய ரீம்காரர் அவரைத் தேடிப்போய் வேலை குடுத்தவை. நீயும் வேலையில்லாமல்தானே இருக்கிறாய், உனக்கும் ஆரும் வருவினம். ஆனால் அவர் மற்றவை எண்ணாததை எண்ணினவர். நீ ஆரோ எண்ணி வைச்சதைப் போனிலை பாத்து எழுதியிருக்கிறாய்.

எண்ணாதது என்ன இருக்கெண்டு கேக்கிறியோ? மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸுக்கும் 1904இலை துடங்கின பெரிய மட்ச் இருக்கு. வடக்கின்ரை பெரும் போர் எண்டு ஊரெல்லாம் பப்பரவா அடிச்சுக்கொண்டு திரியிறாங்களே, அது. ஒவ்வொரு வரியமும் ஆர் வெண்டது எண்டு எல்லாருக்கும் தெரியும். அதிலை விளையாடின பெடியளிலை எத்தினை பேர் அதுக்குப் பிறகு கொழும்புக் கழகம் ஒண்டிலை முதற்தர மட்ச் விளையாடினவை? எத்தினை பேர் இயக்கத்துக்குப் போனவை, எத்தினை பேர் லண்டனுக்குப் போய்ப் பெற்றோல் செற்றிலை நிண்டவை? முரளிதரன் கண்டிப் பக்கத்திலை இருந்து வந்து 800 விக்கெற் எடுத்தேக்கை, அதே வயசிலை இஞ்சை பந்து சுத்தின எங்கட பெடியன் எந்தப் பங்கருக்குள்ளை இருந்தவன்? இதுக்கெல்லாம் ஒரு அட்டவணையும் இல்லை. ஸ்டாலியன்ஸ் சீசனை இன்னும் நூறு வரியத்துக்குப் பிறகும் ஒருத்தன் பந்து பந்தா எண்ணலாம், எல்லாம் எங்கையோ பதிஞ்சு கிடக்கு. எங்கட பழைய புத்தகங்கள் அப்பிடியில்லை. 1981இலை யாழ் நூலகம் எரிஞ்சது. 1995இலை வலிகாமமே மூட்டை கட்டிக்கொண்டு வெளிக்கிட்டது. சோறாக்கிற சட்டியை விட்டுப்போட்டு ஸ்கோர் புத்தகத்தைக் காவிக்கொண்டு போறதுக்கு ஆருக்கு விசர்?

ஆனால் சில விசரர் இருந்திருப்பினம். ஸ்கோர் எழுதிறவன் லேசிலை புத்தகத்தை விடமாட்டான், எனக்குத் தெரியும். பேச்சை நீ பேசு, வேண்டாமெண்டு சொல்லேல்லை. 220, 278, 53, எல்லாத்தையும் அள்ளி எறி, கைதட்டு வாங்கு, பொன்னாடை போட்டால் வேண்டாமெண்டு சொல்லாதை, அது பேந்து உதவும். அடுத்தநாள் காலமை நேரத்தோடை எழும்பி, பழைய கப்டன்மாரின்ரை, ஸ்கோரர்மாரின்ரை வீடுகளுக்குப் போ. கிழவர் கனக்கக் கதைப்பினம், தான் அடிச்ச 34ஐ 70 எண்டு சொல்லுவினம், சரியெண்டு தலையாட்டிப்போட்டு அலுமாரி மேல்தட்டைக் காட்டச்சொல்லு. தூசு கனக்க இருக்கும், மூக்குக்கு லேஞ்சி கட்டு. ஒரு பக்கத்தையும் கிழிக்காமல் போனாலை படம் எடு. பென்சில் எழுத்து மங்கியிருந்தால் சன்னலடிக்குக் கொண்டுபோய்ச் சரிச்சுப் பிடி, தெரியும்.

தேத்தண்ணி ஆறுது, குடி. பனங்கட்டியைக் கடிச்சுக் குடி, சீனி போட்டு மாமியை ஏசவைக்காதை. போகேக்கை உந்தச் சைக்கிளுக்குக் காத்து அடிச்சுக்கொண்டு போ, பின் ரயர் தரையோடை ஒட்டிப்போய்க் கிடக்கு.